அறுபத்திரண்டு அடிச் சாய்தளம்

டாமரக் ஏரிக்கரையில் இருந்த பெலாங்கே தம்பதியின் வீடு, சொத்து மறுமதிப்பீட்டுக் கடிதம் தபாலில் வந்த ஒரு செவ்வாய்க்கிழமை காலை, தரையைவிட்டு மூன்று அங்குலம் எழும்பியது. அந்த வாரம் முட்டை விலையும் ஏறியிருந்ததால் ஊரில் முட்டையைப் பற்றித்தான் அதிகம் பேசினார்கள். பாஸ்டன்காரர்கள் கோடை வீடு வாங்க வந்ததிலிருந்து கரையோர நிலத்தின் மதிப்பு வருடாவருடம் ஏறியது. மதிப்போடு வரி ஏறியது. வரியோடு பெலாங்கே வீடும் ஏறியது. கோடைக்காரர்களின் வீடுகள் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தன. வரியைச் சுலபமாகக் கட்ட முடிந்தவன் வீட்டுக்குக் கனம் அதிகம் என்று ஊரார் முடிவுகட்டி, அதற்குமேல் ஆராயாமல், தண்ணீர்க் குழாயை நீட்டிக் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

அந்த வீட்டில் இருந்தது இரண்டே பேர். டெல்ஃபின் முப்பத்தோரு வருடம் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சமைத்தவர். ஊரில் பாதிப்பேர் அவர் வேகவைத்த பீன்ஸைத் தின்று வளர்ந்தவர்கள். கணவர் ஆர்மாண்ட் மரம் அறுக்கும் ஆலையில் இரண்டு கால்களையும் இழந்து சக்கர நாற்காலிக்கு வந்தவர், ஆனால் அவர் வாய்க்கு ஒரு சேதமும் ஆகவில்லை. நாற்காலி இறங்குவதற்கான சாய்தளத்துக்கு ஒரு கணக்கு உண்டு: ஓர் அங்குல உயரத்துக்கு ஓர் அடி நீளம். எனவே ஏரியில் பனிக்கட்டி உருகியதும், ஒவ்வொரு மே மாதமும், பத்துப் பேர் பலகையும் சுத்தியலுமாக வந்து சாய்தளத்தை நீட்டினார்கள். மூன்றாம் வருடம் அது லைலாக் புதரைச் சுற்றித் திரும்பியது. ஆறாம் வருடம் கோழிக்கூண்டைக் கடந்தது. ஒன்பதாம் வருடம், அறுபத்திரண்டாவது அடியில், தார்ச்சாலையின் விளிம்பைத் தொட்டு நின்றது. “அரசாங்கமே எனக்குன்னு தனியா நெடுஞ்சாலை போட்டா இம்புட்டு வேகமா போடாது,” என்றார் ஆர்மாண்ட். ஆனால் அதற்குமேல் ஓர் அடி நீட்டக்கூட இடமில்லை என்பது எல்லாருக்கும் தெரிந்தது.

இதற்கு மருந்து இல்லாமல் இல்லை. சொந்த வீட்டில் குடியிருக்கும் முதியவர்களும் மாற்றுத்திறனாளிகளும் ஏப்ரல் முதல் தேதிக்குள் விண்ணப்பித்தால், வீட்டின் மதிப்பு அன்று இருந்தபடியே உறைந்துவிடும். பிறகு எவன் என்ன விலைக்கு வாங்கினாலும் அவர்களுக்கு வரி ஏறாது. இரண்டாம் வருடத்திலேயே அந்தப் படிவம் வந்துவிட்டது. டெல்ஃபின் அதை ரொட்டி டப்பாவுக்கு அடியில் வைத்துவிட்டு, வரி கட்டுவதற்காக முதலில் படகையும் பிறகு பியானோவையும் விற்றார். காரணம் ஊர்ப் புத்தகம். ஒவ்வொரு மார்ச்சிலும் ஊராட்சி அச்சிடும் அந்த ஆண்டறிக்கையில் பிறந்தவர், இறந்தவர், உரிமம் வாங்கிய நாய்கள் எல்லாம் இருக்கும். அந்தக் காலத்தில் ஊர்ச் செலவில் பிழைத்தவர்களின் பெயரையும் போடுவார்கள். டெல்ஃபினின் அப்பா பெயர் அப்படி ஒரு வருடம் வந்தது: உருளைக்கிழங்கு ஒரு மூட்டை, பூட்ஸ் ஒரு ஜோடி. அந்த பூட்ஸைப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போனது டெல்ஃபின். புத்தகத்தில் அப்படிப் பெயர் போடுவதை நிறுத்தி அறுபது வருடம் ஆகிறது என்று எத்தனை பேர் சொல்லியும் அவர் நம்பவில்லை. ஊரில் எனக்கும் அந்தப் பிடிவாதத்தின்மேல் கோபம் வந்ததுண்டு, பூட்ஸ் கதையைக் கேட்கும்வரை.

அடுத்த மார்ச் கடைசி வாரம் ஊராட்சி மதிப்பீட்டு அதிகாரி லோர்ன் ஹேட்ச், புதுப் படிவத்தோடு அறுபத்திரண்டு அடியும் ஏறி மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். ஏப்ரல் கடிதம் வந்தால் வீடு இன்னும் பதினாலு அங்குலம் எழும்பும், அப்புறம் ஆர்மாண்ட் இறங்கவே முடியாது, வீட்டை விற்றுவிட்டுப் போக வேண்டியதுதான் என்று மறைக்காமல் சொன்னார்.

“கை நீட்டி வாங்கிப் பழக்கமில்ல, லோர்ன். உன் புத்தகத்துல என் பேரு வராது.”

“அப்ப நான் மேலயே கிடந்து காக்காவோட பேசிக்கிட்டிருக்கவா?” என்றார் ஆர்மாண்ட். “காக்காவுக்கும் ரெண்டே நாள்ல என்னைப் புடிக்காம போயிடும்.”

லோர்ன் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். “டெல்ஃபின் அம்மா, எங்கப்பா வேலையில்லாம இருந்த வருஷம் நான் தினமும் ரெண்டாவது தடவையும் தட்டைத் தூக்கிட்டு வருவேன். ஞாபகம் இருக்கா?”

“பன்னிக்குட்டி மாதிரி தின்னுவியே, மறக்குமா?”

“அன்னிக்கு என் பேரை எங்கயாவது எழுதி வெச்சீங்களா?”

டெல்ஃபின் ஜன்னல் வழியாகக் கீழே கோழிகளை ஒருமுறை பார்த்தார். பிறகு, “பேனா குடு,” என்றார். அவர் கண்ணைத் துடைத்ததை மற்ற இருவரும் பார்க்காத மாதிரி இருந்தார்கள். ‘வீடு இந்த ஊராட்சியின் நிலத்தின்மேல் உள்ளதா’ என்ற கேள்வியில் மட்டும் லோர்ன் சற்றுத் தயங்கி, ‘ஆம், சாய்தளம் வழியாக’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

ஏப்ரலில் கடிதங்கள் வந்தன. கரையெங்கும் மதிப்பு ஏறியது. பெலாங்கே வீடு ஒரு நூல்கூட அசையவில்லை. கீழேயும் இறங்கவில்லை, ஏனென்றால் சட்டம் உறைய வைக்குமே தவிர இறக்காது. கோழிகள் வீட்டுக்கடியில் நிரந்தரமாகக் குடியேறின. நவம்பரில், ஆர்மாண்டுக்குச் சளி என்று டெல்ஃபின் வராத ஊர்க்கூட்டத்தில், ஒரு தீர்மானம் ஒருவர்கூட எதிர்க்காமல் நிறைவேறியது.

மறு மார்ச்சில் ஊர்ப் புத்தகம் வந்ததும் டெல்ஃபின் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வரிப் பக்கங்களை மூன்று தடவை தேடினார். அவர் பெயர் இல்லை. “சாலைங்க பக்கத்தைப் பாரு,” என்றார் ஆர்மாண்ட். ஊராட்சி பராமரிக்கும் சாலைகளின் பட்டியலில், பீச் ஹில் சாலைக்கு மேலே, அச்சில் இருந்தது: பெலாங்கே சாலை, மரப்பலகை, 62 அடி, பனி அள்ளுவது ஊர்ப் பொறுப்பு.

அந்தப் பக்கத்தை வெட்டி ஃப்ரிட்ஜில் ஒட்டியது டெல்ஃபினேதான். பனி விழும் காலைகளில் ஊராட்சி ஆட்கள் முதலில் அள்ளுவது பெலாங்கே சாலையைத்தான். மேலே போனால் பீன்ஸ் கிடைக்கும், இரண்டாவது தடவையும் கேட்கலாம்.