ஒன்பது நாள் ஓயாத கொம்பு

2005 ஒக்டோபர் நாலாம் திகதி, செவ்வாய்க்கிழமை முற்பகல் பதினொன்றே காலுக்கு, மொன்றியல் பார்க் எக்ஸ்டென்ஷனில் இருந்த சிறிய யூதத் தொழுகைக்கூடத்தில் ஊதிய ஆட்டுக்கொம்பின் சத்தம் ஒன்பது நாட்கள் ஓயவில்லை. ஊதியவர் கொம்பைத் துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டார். சத்தம் மட்டும் போகவில்லை.

அது வெளியே போக யன்னல்களைத் திறந்துவிட்டவள் செல்வமலர். மன்னார்க் கத்தோலிக்கப் பெண். பதினொரு வருடமாக அந்தக் கூடத்தைக் கூட்டித் துடைத்துப் பார்த்துவந்தவள். ஓய்வுநாளிலும் பெருநாளிலும் அவர்கள் விளக்குப் போடுவதில்லை. போடச் சொல்லி மற்றவரை ஏவவும் கூடாது. ஆகவே தலைவர் கிளைன்மான் முகட்டைப் பார்த்து, "இண்டைக்கு எழுத்துத் தெரியுதில்லை" என்பார். அவள் போய் விளக்கைப் போடுவாள். "கால் விறைக்குது" என்றால் ஹீற்றர். இப்படிப் பழகியதில் அவர் வாயிலிருந்து வருவதெல்லாம் அவளுக்கு ஏவலாகவே கேட்டது. அன்று புதுவருடத் தொழுகை. அவர் சும்மா மனம் நொந்து, "இந்தச் சத்தம் வெளியில போய்க் கனகாலம்" என்றார். அவள் ஏணியை வைத்து, பெயின்ற் ஒட்டி இறுகிப்போயிருந்த பன்னிரண்டு மேல்யன்னல்களையும் சுத்தியலால் தட்டித் திறந்துவிட்டாள்.

நொந்ததற்குக் காரணம் இருந்தது. கூட்டுத் தொழுகைக்குப் பத்து ஆண்கள் வேண்டும். மிஞ்சியவர்கள் எட்டுப் பேர். அதனால் வேதச்சுருள் இரண்டு வருடமாகப் பேழைக்குள்ளேயே கிடந்தது. ஒன்பது நாள் கழித்து வரும் பாவமன்னிப்பு நோன்பின் கடைசித் தொழுகைக்கும் பத்துப் பேர் சேராவிட்டால் கூடத்தைப் பூட்டிவிடுவதென்று முடிவாகியிருந்தது.

சத்தம் தெருத்தெருவாகப் போனது. டெப்பனர் என்ற மூலைக்கடையில் சோடாப் போத்தல்கள் மெல்ல அதிர்ந்தன. கார்டறி என்ற பகல் காப்பகத்துப் பிள்ளைகள் அழாமல் நித்திரை கொண்டார்கள். ஒரு பொலிஸ்காரர் ஒலிபெருக்கி தேடி வந்து, கிடைக்காமல், 'காரணம்: கொம்பு' என்று எழுதிக்கொண்டு போனார். ஐந்தாம் நாள் சத்தம் ஆற்றைக் கடந்து லொங்குய் என்ற ஊருக்குப் போனது. அங்கிருந்து, நாற்பது வருடம் கும்பிடாத ஒரு பல்வைத்தியர் மெற்றோ ஏறி வந்து, தன் தகப்பன் இருந்த கதிரையில் இருந்தார். ஒன்பது.

"நான் போய்ப் பத்தாவது ஆளா நிக்கட்டே?" என்று கேட்டான் துறைமுகத்தில் வேலை செய்த அவள் புருஷன் அம்புறோஸ்.

"கழுத்தில அந்தோனியார் சங்கிலியோடயோ? பேசாமச் சாப்பிடுங்கோ."

நோன்பு நாள், பின்னேரம் நாலு மணிக்குச் சத்தம் ஆற்றின் அக்கரையிலிருந்து திரும்பி வந்து துறைமுகத்தை எட்டியது. அம்புறோஸோடு பதினாலு வருடம் வேலை செய்த, மொறொக்கோவிலிருந்து வந்த சிமோன், ஃபோர்க்லிஃப்டை நடுவழியில் நிறுத்தித் தொப்பியைச் சரியாகப் போட்டான். "என்ர அப்பா ஊதினவர்" என்றான்.

"நீயும் அந்த ஆக்களோ? பதினாலு வருசமாய் வாய் திறக்கேல்லையே, விசரா! என்ர வானில ஏறு!"

கூடத்தில் வெயில் எதிர்வீட்டுக் கூரைக்கு இறங்கிவிட்டது. ஒன்பது பேரும் வாசலைப் பார்த்துக் களைத்திருந்தார்கள். கிளைன்மான் கடைசியில் முகட்டைப் பார்த்து, "கதவு பூட்டுற திறப்பு எங்க எண்டு தெரியேல்லை" என்றார். பதினொரு வருடத்தில் முதல் தடவையாக அது செல்வமலருக்குக் கேட்கவில்லை. திறப்புக் கோர்வையைச் சட்டைப் பைக்குள் இறுக்கிப் பிடித்தபடி, துடைத்த வாங்குப் பலகையையே திரும்பத் துடைத்தாள்.

வெளியே வான் பிறேக் அடித்தது. வாகனம் ஏறக் கூடாத நோன்பு நாளில் அதில் வந்திறங்கியவனை யாரும் காணவில்லை. பார்க்கக் கூடாததைப் பார்க்காமலிருக்க அவர்களுக்குத் தெரியும். பேழை திறந்தது. பொழுதுபட்டதும் கொம்பை மறுபடி ஊதினார்கள். பழைய சத்தமும் புதுச் சத்தமும் ஒன்றாகச் சேர்ந்து ஓய்ந்தன.

அதன்பிறகு ஒவ்வொரு வருடமும் அந்தக் கொம்பு ஒன்பது நாள் கேட்கிறது. "தொடங்கிட்டுது, பனிச் சப்பாத்துகளை எடு" என்பான் அம்புறோஸ். பெருநாளுக்கு முதல்நாள், வெளியே ஐந்து பாகைக் குளிராக இருந்தாலும், கிளைன்மான் வந்து முகட்டைப் பார்த்து, "சரியான புழுக்கம்" என்கிறார். செல்வமலர் ஏணியை எடுக்கிறாள்.