மூன்றாம் மாடியில் ஒரு நாரை

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது படிக்கட்டில். இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவே. நவம்பர் இருபத்தொன்று, மாலை ஐந்து மணி. நான் குடியிருக்கும் ஊரான வால்யெவோவில் அதற்குள் இருட்டிவிட்டிருந்தது. என் வீடு இரண்டாம் மாடியில். வால்நட் கேக் தட்டோடு மேலே ஏறிக்கொண்டிருந்தேன். மூன்றாம் மாடியில், பேருந்து ஓட்டுநர் ராதோமானின் வாசலில், இரண்டு மீட்டருக்கும் மேல் உயரமான ஒருவன் நின்றுகொண்டிருந்தான். கக்கத்தில் காப்பிப் பொட்டலம், இடது கையில் ஒயின் பாட்டில். வலது கை அழைப்பு மணியை நோக்கி நீண்டு, பாதியிலேயே நின்றிருந்தது.

எங்கள் படிக்கட்டு விளக்கு ஒரு நிமிடம் எரியும், பிறகு தானாகவே அணையும். மறுபடி போட ராதோமான் கதவருகே ஒரு பொத்தான் உண்டு. அதற்குப் பக்கத்திலேயே, அதே அளவில், அதே வெள்ளையில், அவர் வீட்டு மணி. இருட்டில் எல்லோரும் மாற்றி அழுத்துவார்கள். கதவைத் திறக்கும் முன்பே ராதோமான் உள்ளிருந்து கத்துவார்: "விளக்கு இடப்பக்கம்!"

அன்று விளக்கு இரண்டு முறை அணைந்தது. இரண்டு முறையும் அந்த நெட்டையன் சரியாக இடது பொத்தானை அழுத்தி ஏற்றினான். மூன்றாம் முறை அணைந்தபோது என்ன ஆயிற்று என்பதுதான் கதை. அதற்கு முன் அவனை உங்களுக்குத் தெரியவேண்டும்.

2

"டொலீடோ நகரின் ஏழைக் குடும்பம் ஒன்றில் பிறந்த ரோடெல் பெட்வே..."

(அடித்துவிட்டேன். அவன் அப்பா அஞ்சலக அதிகாரி. அமெரிக்கக் கூடைப்பந்து வீரன் என்றதும் என் பேனா அவனைத் தானாகவே ஏழையாக்கிவிட்டது.)

"வெளியே பனி பெய்துகொண்டிருந்தது, பழைய நினைவொன்றைப் போல..."

(பெய்யவில்லை. தூறல். நினைவு மாதிரியெல்லாம் ஒன்றுமில்லை, மேற்குச் சுவரை ஓதமாக்கும் சாதாரணத் தூறல்.)

பதினோரு வருடம், எட்டு நாடு, எட்டு வாணலி.

இந்த வரி இருக்கட்டும். கிளப்புகள் கொடுக்கும் வீட்டில் கட்டில் இருக்கும், தொலைக்காட்சி இருக்கும், வாணலி இருக்காது. ஒவ்வோர் ஊரிலும் ஒன்று வாங்குவான். போகும்போது விட்டுவிட்டுப் போவான். பின்லாந்தில் ஒன்று, சைப்ரஸில் ஒன்று. எட்டாவது எங்கள் கட்டடத்தின் நான்காம் மாடியில்.

அவன் தொழிலில் யாரும் முகத்துக்கு நேரே "நீ வேண்டாம்" என்று சொல்வதில்லை. கூப்பிடுவதை நிறுத்திவிடுவார்கள், அவ்வளவுதான். போலந்தில் ஒருநாள் பயிற்சி நேரம் பற்றிய குறுஞ்செய்தி வரவில்லை. ருமேனியாவில் விடுதியின் காலைச் சிற்றுண்டிப் பட்டியலில் அவன் பெயர் இல்லை. பெயர் இல்லாத பட்டியலைப் பார்த்துவிட்டு அறைக்குப் போய்ப் பெட்டியைக் கட்டினான். எட்டு நாட்டு மொழிகளிலும் அரைகுறையாகப் பேசும் ரோடெலுக்கு இந்த மௌன மொழி மட்டும் தாய்மொழிபோலப் புரியும்.

3

இங்கே வந்த முதல் வருடம் அவனைக் கூப்பிட்டவர் ராதோமான். அறுபத்தொரு வயது, அணியின் பேருந்து அவர் பொறுப்பு. 'ரோடா' என்றால் இந்த ஊர்ப் பேச்சில் நாரை. ரோடெலின் காலைப் பார்த்தபிறகு யாரும் வேறு பெயர் தேடவில்லை.

"டேய் நாரை, இருபத்தொண்ணாந்தேதி எங்க வீட்ல ஸ்லாவா. எங்க குடும்பத்துப் புனிதரோட நாள். வந்துரு."

"என்ன கொண்டாரணும், ராதோ மாமா?"

"வயித்தக் கொண்டா போதும்."

உள்ளே நுழைந்ததும் ராதோமானின் மனைவி விதோசாவா, சர்க்கரையும் வால்நட்டும் கலந்த வெந்த கோதுமைக் கிண்ணத்தை நீட்டினாள். வருகிறவர்கள் ஆளுக்கு ஒரு கரண்டி எடுத்துக்கொள்ள வேண்டியது. ரோடெல் கிண்ணத்தை வாங்கினான், நன்றி சொன்னான், உட்கார்ந்தான், வழித்துச் சாப்பிட்டான். பின்னால் பன்னிரண்டு பேர் வரிசையில்.

"விடுங்க, புள்ள பசியா வந்திருக்கு. இன்னொரு கிண்ணம் வேக வெச்சாப் போச்சு" என்றாள் விதோசாவா. ராதோமான் சிரித்த சிரிப்பில் மூக்குக்கண்ணாடி சூப்பில் விழுந்தது. மறுநாள் முதல், பேருந்தில் ஓட்டுநருக்குப் பின்னிருக்கை நாரையுடையது. அவன் கால் நீட்ட முடிந்த ஒரே இருக்கை.

இரண்டாம் வருடம் நவம்பர் பிறந்தது. ராதோமான் ஒன்றும் சொல்லவில்லை. ரோடெல் சட்டையைத் தேய்த்துவைத்திருந்தான். இருபத்தொன்றாம் தேதி பாட்டுச் சத்தம் தரை வழியாக ஏறிவந்தபோது எட்டாவது வாணலியில் மூன்று முட்டை பொரித்துத் தின்றான். கோபம் இல்லை. இந்த ஊர் வேறு மாதிரி என்று நம்பிவிட்டோமே என்ற வெட்கம் மட்டும், கழுத்து வரைக்கும்.

மறுநாள் பேருந்தில் நாரையின் இருக்கையில் ராதோமானின் கோட் கிடந்தது. ரோடெல் பேசாமல் பின்னால் போய் முழங்காலை மடக்கி உட்கார்ந்தான். ஒரு வருடம் அப்படியே ஓடியது.

(அடிக்குறிப்பாகப் போட வேண்டியது: ஸ்லாவாவுக்கு யாரையும் அழைக்கும் வழக்கமில்லை. புதியவர் என்றால் ஒருமுறை சொல்வார்கள். ஒருமுறை வந்தவர் வருடாவருடம் தானாக வருவார். இது இங்கே எல்லோருக்கும் தெரியும் என்பதால் யாரும் யாருக்கும் சொல்வதில்லை. வெளியிலிருந்து வந்து குடியேறிய எனக்குப் புரிய எட்டு வருடம் ஆயிற்று.)

4

இந்தப் பகுதியை எழுதாமல் தாண்டிவிடப் பார்த்தேன்.

அந்த இரண்டாம் வருட விருந்தில் நானும் இருந்தேன். என் பக்கத்தில் ஒரு காலி நாற்காலி. முழங்கால் மேசையில் இடிக்கக்கூடாதென்று கிளப் அலுவலகத்திலிருந்து ராதோமான் தூக்கிவந்த உயரமான நாற்காலி. யாரையும் அதில் உட்காரவிடவில்லை.

"அமெரிக்காக்காரருக்கு நம்ம சோறு சலிச்சுப்போச்சு போல" என்றார்.

"மேல போய் ஒரு வார்த்த கேட்டுட்டு வாங்களேன்" என்றாள் விதோசாவா.

"நான் எதுக்குடி கேக்கணும்? அவனுக்கு என்ன, காலா இல்ல? ஒண்ணரை மீட்டருக்கு இருக்கு!"

எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான். மேலே ஒருவன் அழைப்புக்குக் காத்திருப்பான் என்று அந்த மேசையில் எனக்கு மட்டும் தெரியும். இருபத்திரண்டு படி. நான் ஏறவில்லை. (முதல் பிரதியில் 'தலைவலி' என்று எழுதியிருந்தேன்.) உண்மை இதுதான்: வழக்கம் தெரிந்தவர்கள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது சுகமாக இருந்தது. எட்டு வருடம் வெளியே நின்றவளுக்கு, வெளியே இன்னொருவன் நிற்பது அவ்வளவு கெட்ட செய்தியாகப் படவில்லை.

5

இந்த வருடம் அதே நாள் காலை, உடைமாற்றும் அறை. அணித்தலைவன் ஓக்னென் கேட்டான்: "சாயங்காலம் ராதோ மாமா வீட்டுக்கு எத்தன மணிக்குப் போற?"

"என்னக் கூப்பிடலியே."

"எங்கள மட்டும் கூப்பிட்டாரா? யாருய்யா கூப்பிடுவா? போன வருசம் நீ வரலன்னு மனுசன் கறியத் தொடல, தெரியுமா?"

ஒரு ஷூவுக்கு மட்டும் முடிச்சுப் போட்டிருந்த ரோடெல் நிமிர்ந்தான்.

"அப்ப அந்தக் கோட்டு?"

"நீயா வந்து 'எடுங்க மாமா'ன்னு சொல்லுவேன்னு போட்டு வெச்சிருக்காரு. வெயில்காலத்துல கூட! உங்க ரெண்டு பேருக்கும் ஒரே மூளைடா, அதுவும் பாதிதான்."

பதினோரு வருடமாகப் படித்த மொழியை இந்த ஒரு வாசலில் தப்பாகப் படித்திருக்கிறான். அவன் முழங்கால் இதற்குமேல் ஆட்டத்தைத் தாங்காது. வரும் மே மாதம் முதல் டொலீடோவில் ஒரு பள்ளியில் பயிற்சியாளர் வேலை. அவனுக்கு மிச்சமிருப்பது இந்த ஒரே ஒரு நவம்பர் இருபத்தொன்று.

6

முடிவு அ: மணி அடிக்கிறான். ராதோமான் கட்டிக்கொண்டு அழுகிறார். பாட்டு. (எழுதி முடித்ததும் எனக்கே கூச்சமாக இருந்தது. மாலைத் தொடர்களில் தினமும் நடப்பது.)

முடிவு ஆ: திரும்பி மேலே போய் மூன்று முட்டை. (விமர்சகர்கள் மெச்சுவார்கள். அந்த முட்டையை இன்னொரு முறை பொரிக்க எனக்கு மனமில்லை.)

முடிவு இ: நான் மீதிப் படிகளை ஏறி, "வாப்பா, சேர்ந்தே போகலாம்" என்கிறேன். இதுதான் நாகரிகம். ஆனால் அப்போதும் அவன் அழைத்து வரப்பட்டவனாகத்தானே... (அல்லது, படி ஏறாமலிருக்க எனக்குக் கிடைத்த இரண்டாவது சாக்கா இது? கேள்வியை அழிக்காமல் விடுகிறேன். கேக் தட்டு கனக்கிறது.)

7

விளக்கு மூன்றாம் முறை அணைந்தது.

விளக்குப் பொத்தானில் சின்னதாகச் சிவப்பு வெளிச்சம் ஒன்று உண்டு, போன கோடையிலேயே போய்விட்டது. குடியிருப்போர் கூட்டத்தில் மாற்றுகிறேன் மாற்றுகிறேன் என்கிறார்கள். கும்மிருட்டு. உள்ளே யாரோ கண்ணாடிக் குவளையைத் தட்டுகிறார்கள். வறுத்த கறியின் மணம் கதவுக்கடியில் வழிகிறது. அவன் மூச்சு எனக்குக் கேட்கிறது. என்னுடையது அவனுக்குக் கேட்கவில்லை என்று நம்புகிறேன்.

மணி அடித்தாலும் மானம் போகாது. இந்தக் கட்டடத்தில் எல்லோரும் மாற்றி அழுத்துகிறவர்கள்தான். உள்ளிருந்து வழக்கம்போல் குரல் வரும்: "விளக்கு இடப்பக்கம்!" 'மன்னிச்சுக்குங்க, மாமா' என்று சொல்லி அவன் மேலே போய்விடலாம். அல்லது, 'தெரியும், மாமா' என்று சொல்லி அங்கேயே நிற்கலாம்.

அவன் இந்தக் கட்டடத்தில் மூன்று வருடமாகக் குடியிருக்கிறான். இதைப் படிக்கும் நீங்கள் இப்போதுதான் வந்திருக்கிறீர்கள், அதுவும் யாரும் கூப்பிடாமல். இந்த வாசலுக்கு வர அதுதான் சரியான வழி. ஆகவே விரலை நீட்டுங்கள்.

இடப்பக்கம் விளக்கு. வலப்பக்கம் மணி.