பதினாலு மில்லிமீட்டர்

பதினோரு வருஷமாகக் குல்சினாவுக்கு ஒரே வேலைதான். போர் விமானத்து ஜெட் எஞ்சினைச் சோதனைக் கூடத்தில் இறுகக் கட்டி முழு மூச்சில் அலறவிடுவார்கள். அது எவ்வளவு வலுவாகத் தள்ளுகிறது என்று அவள் கணக்குப் போட்டுச் சொல்ல வேண்டும். காற்றழுத்தம் தினமும் மாறுமே, அன்றைய அழுத்தத்தை வைத்துக் கணக்கைத் திருத்துவாள். பன்னிரண்டாயிரத்து ஐந்நூறு கிலோ வந்தால் தேறியது. போன மாதம் ஓர் எஞ்சினுக்கு இருநூறு கிலோ குறைந்தது.

பழி வேறு எங்கே விழும்? எஞ்சின் பாகங்களைக் கோத்தவர் தலையில்தான். கோத்தவர் ஃபனிஸ். எல்லாரும் அவரை 'அகாய்', அதாவது அண்ணன் என்றுதான் கூப்பிடுவார்கள்; ஆலைக்கே அண்ணன். சொந்த முத்திரை வைத்திருந்த ஆறு பேரில் ஒருவர். அவர் முத்திரை குத்திய எஞ்சினைப் பரிசோதகர் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார், அவ்வளவு நம்பிக்கை. அப்பேர்ப்பட்டவரை, "கண்ணு மங்கிப்போச்சா அகாய்?" என்று நேற்று வந்தவன்கூடக் கிண்டல் பண்ணினான். மனிதர் பத்தொன்பது நாள் அதைப் பிரித்துக் கோத்தார். மறுசோதனையில் தேறிவிட்டது.

"பாத்தீங்களா? குல்சினா கணக்கு தப்பவே தப்பாது" என்றார் மேலாளர் வாதிம். அவளும் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றாள்.

அன்று மத்தியானம் இரண்டு சோதனைத் தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோதுதான் உறைத்தது. முதல் சோதனையன்று கூடத்து அழுத்தமானி சரிபார்ப்புக்குப் போயிருந்தது. அவள் வானிலை நிலையத்துக்குப் போன் போட்டு, அவர்கள் சொன்ன எண்ணை அப்படியே எழுதிவிட்டாள். அது கடல் மட்டத்துக்கு மாற்றிய எண். இந்த மேட்டு ஊரில் நிஜ அழுத்தம் அதைவிடப் பாதரசக் கணக்கில் பதினாலு மில்லிமீட்டர் குறைவு. படிக்கிற பிள்ளைகூடச் செய்யாத தப்பு! அழுத்தத்தைக் கூட்டிப் போட்டதால்தான் கணக்கில் இருநூறு கிலோ குறைந்தது; எஞ்சின் முதல் நாளே தேறியிருந்தது.

அந்த நேரம் பார்த்து ஃபனிஸ் ஒரு ஜாடியோடு உள்ளே வந்தார்.

"இந்தா தங்கச்சி, நம்ம வீட்டுத் தேன். எவ்வளவு தேடியும் என் தப்பு எனக்கே ஆப்புடல. நீதான் பிடிச்சே. நாளன்னிக்குக் கூட்டத்துல முத்திரையக் குடுத்துடறேன். இனிமே இந்தக் கைய நம்பி எவனும் மேல பறக்க வேணாம்."

சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. "நன்றி, அகாய்" என்று ஜாடியை வாங்கி வைத்துக்கொண்டாள். சீ, அவளும் ஒரு மனுஷியா! இரண்டு நாளும் அந்த ஜாடியைத் திறக்கவும் முடியவில்லை, கண்ணில் படாமல் ஒளிக்கவும் முடியவில்லை.

கூட்டத்தில் ஃபனிஸ் எழுந்து, முத்திரையை மேசைமேல் வைத்தார். குல்சினாவும் எழுந்தாள்.

"அகாய் மேல தப்பே இல்ல. தப்பு என் கணக்குல." நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள்.

"உட்காரும்மா, அப்புறம் பேசிக்கலாம்" என்று வாதிம் பல்லைக் கடித்தார். அவள் உட்காரவில்லை.

ஃபனிஸ் அவளையே பார்த்தார். "உனக்கு எப்பத் தெரியும்?"

"முந்தாநாள்."

"நான் தேன் கொண்டாந்தேனே, அதுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

பின்னாடி என்று சொல்லியிருந்தால் யாருக்குத் தெரியப்போகிறது?

"முன்னாடி" என்றாள்.

அவர் முத்திரையை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். "சரிங்க, குல்சினா ராஃபைலெவ்னா" என்று சொல்லிவிட்டு வெளியே போனார். பதினோரு வருஷத்தில் அவர் அவளைத் தகப்பன் பேரையும் சேர்த்து, வேற்று ஆளைப் போலக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.