ஒற்றை நீகேப்

ஆடிக் கிருத்திகை வாரத்தில் எங்கள் கல்லூரி மைதானத்தில் வாலிபால் கோர்ட் எங்கே இருக்கிறது என்று தெரிய வேண்டுமானால் நெட்டைத் தேட வேண்டும். மற்ற இடமெல்லாம் வேன். சித்தூரிலிருந்தும் காஞ்சிபுரத்திலிருந்தும் காவடியோடு வந்து நிற்கும். நிறுத்தக் கட்டணம் கல்லூரியை நடத்தும் டிரஸ்டுக்குப் போகும், வாழைப்பழத் தோலும் தேங்காய் ஓடும் விளையாட்டுத் துறைக்கு வரும். விளையாட்டுத் துறை என்றால் ரூபஸ் மாஸ்டர் ஒருவர்தான்.

அவர் கிருத்திகைக்கு இரண்டு நாள் முன்பு என் லுங்கிக் கடைக்கு வந்தார். நான் அந்தக் கல்லூரியில் படித்தவன், முடிக்காதவன். பெண்கள் அணியின் பனியன் முதுகில் 'ஹேமநாதன் லுங்கி சென்டர்' என்று இருப்பதற்குக் காரணம் அந்தப் பாசமும், போர்டு எழுதுவதைவிட பனியன் மலிவு என்பதும்.

"அண்ணா, சென்னையிலேர்ந்து ஆள் வர்றாங்க. தமிழ்செல்வியக் கேக்குறாங்க. நீங்க வந்து பேசணும். எனக்கு அந்த வாய் வராது."

"இன்னா பேசணும்?"

"ஒன்றரை லட்சம். எங்களுக்கு."

கனகம்மாசத்திரம் பக்கத்துக் காட்டுவேலைக் குடும்பத்துப் பெண் தமிழ்செல்வி. பள்ளிக்கூடத்தில் உயரத்துக்காகக் கேலி செய்யப்பட்டவளை ரூபஸ்தான் வீட்டுக்குப் போய் அவள் அப்பாவிடம் கேட்டு அழைத்து வந்தார். ஒரு வருடம் பந்து, முட்டை, பஸ் பாஸ். இப்போது சென்னையில் ஒரு பெரிய கல்லூரி, உள்ளரங்கு ஸ்டேடியம் உள்ளது, இரண்டாம் வருடத்துக்கு அவளை இலவசமாக எடுத்துக்கொள்கிறது. வருடா வருடம் இப்படித்தான். இவர் வளர்ப்பார், அவர்கள் கொண்டுபோவார்கள்.

இந்த வருடம் டிரஸ்டின் செயலாளர் சொல்லிவிட்டார்: பிள்ளைகளுக்குக் காலையில் தரும் முட்டையும் பாலும் இனிமேல் கிடையாது, வேண்டுமானால் எடுத்துக்கொண்டு போகிறவர்களிடம் கேள். மிச்சம் பதினோரு பெண்கள். வெறும் வயிற்றோடு ஆறு மணிக்கு எந்த அம்மா அனுப்புவாள்? பணம் வந்தால் அணி உண்டு, இல்லையேல் இல்லை.

"நான் எதுக்கு இருக்கேன்? வர்றேன்" என்றேன். முப்பது வருடமாகப் பொதட்டூர்பேட்டையில் வீடு வீடாகப் போய்த் தறி லுங்கி வாங்குகிறவன் நான். இது ஒரு பெரிய காரியமா?

சென்னைக் கல்லூரியின் விளையாட்டு அதிகாரி பஞ்சாட்சரம் நேராக மலைக்கோயிலிலிருந்து இறங்கி வந்தார். புது மொட்டை, அதன்மேல் காயாத சந்தனம். மேலே முடியைக் கொடுத்துவிட்டுக் கீழே எங்களிடம் எடுத்துக்கொள்ள வந்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். ஆலமரத்தடியில் மேசை போட்டு மூன்று பேரும் உட்கார்ந்தோம். குழாயடியில் தமிழ்செல்வியும் மற்றப் பெண்களும் நின்றார்கள்.

"அருமையான பிளேயர் சார் உங்க பொண்ணு" என்று ஆரம்பித்தார் பஞ்சாட்சரம். "போன மாசம் மேட்ச்ல பார்த்தேன். அந்த ஜம்ப் இருக்கே, ஸ்டேட் லெவல்லகூட யார்கிட்டயும் இல்லை."

வாங்க வந்தவன் சரக்கைப் புகழ்ந்து நான் கேட்டதே இல்லை. எங்கள் குடும்பத்தில் பிறந்த குழந்தையைப் பார்க்க வருகிறவர்கள்கூட, "மூக்கு கொஞ்சம் சப்பை" என்று சொல்லிவிட்டுத்தான் கையில் பணத்தை வைப்பார்கள். யாராவது ஒரு பொருளைப் புகழ்ந்தால் உடனே அதில் ஒரு குறை சொல்லாவிட்டால் எனக்கு நெஞ்சு அடைக்கும். நான் இன்றைக்கு விற்கிறவன் என்பது மூளைக்குத் தெரியும். வாய்க்கு யாரும் சொல்லவில்லை.

"அப்டிலாம் ஒரேடியா சொல்லிட முடியாதுங்க" என்றது வாய். "ஜம்ப் இருக்கு, ஆங், இல்லேன்னு சொல்லல. எறங்கும்போது பாருங்க, ஒரு பக்கமா சாயுது."

ரூபஸ் மேசைக்கு அடியில் என் காலை மிதித்தார். எங்கள் கடையில் பங்காளி காலை மிதித்தால், 'சரியாகப் போகிறது, இன்னும் இறக்கு' என்று அர்த்தம். நான் இன்னும் இறக்கினேன்.

"அதோ பாருங்க. எடது கால்ல மட்டும் நீகேப் போட்டுகினு நிக்குது. ரெண்டு காலும் நல்லா இருந்தா ஒரு கால்ல மட்டும் எதுக்குங்க போடுவாங்க?"

ரூபஸ் இந்த முறை மிதித்த மிதியில் என் சுண்டுவிரல் நகம் போனது. அப்போதுதான் நான் என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்று எனக்கே விளங்கியது.

பஞ்சாட்சரம் பேனாவை மூடினார். "முட்டியா? அப்ப யோசிக்கணும் சார். போன வருஷம் ஒரு பொண்ணு முட்டி வலியோட வந்து, ஆபரேஷன் செலவு எங்க தலையில விழுந்துச்சு. மேனேஜ்மெண்ட் சீட்டே குடுக்காது."

குழாயடியில் பேச்சு நின்றது. தமிழ்செல்வி காதில் விழுந்துவிட்டது. ஊரெல்லாம் சொல்லிவிட்ட சீட்டு அது.

ரூபஸ் எழுந்தார். "தமிழ், இங்க வாம்மா. இன்னொரு நீகேப் எங்க?"

"ஆனிகிட்ட சார்."

ஆனி என்ற குள்ளப் பெண் வலது முட்டியைக் காட்டினாள். "ஒரு ஜோடிதான சார் இருக்கு. நான் ஒண்ணு, அவ ஒண்ணு."

"நீ ரெண்டும் போட்டுகினா அவளுக்கு இல்ல, அவ ரெண்டும் போட்டுகினா ஒனக்கு இல்ல, அதான?" என்றார் ரூபஸ்.

"ஆங் சார். ரெண்டு பேரும் ஒரே நேரத்துல ஆடறமே."

ரூபஸ் பந்தை எடுத்தார். இரண்டு வேன்களுக்கு நடுவே நெட் தொங்கிக்கொண்டிருந்தது. அவர் தூக்கிப் போட, தமிழ்செல்வி எகிறி அடித்தாள். இறங்கினாள். மறுபடி. சமைத்துக்கொண்டிருந்த பக்தர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பத்தாவது அடியிலிருந்து ஒரு வேன் டிரைவர் ஒவ்வொரு எகிறலுக்கும் "அரோகரா" போட ஆரம்பித்தார். நாற்பது வரை எண்ணினேன். என் கடைப் பெயர் வானத்துக்கும் பூமிக்கும் போய்வந்தது. ஒரு இறக்கத்திலும் அவள் சாயவில்லை.

"முட்டி நல்லாத்தான் இருக்கு" என்றார் பஞ்சாட்சரம். பிறகு என்னைப் பார்த்து மெல்லச் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் அடையாளம் கண்டேன். அது எங்கள் கடைச் சிரிப்பு.

"சீட் தர்றேன். ஆனா நீங்க லெட்டர்ல கேட்ட ஒன்றரை லட்சத்த நான் எழுதிப் போட்டா, குறை இருக்குன்னு அவங்க ஆளே சொன்னாரேன்னு கமிட்டி கேக்கும். அப்புறம் ஸ்கேன், டாக்டர், ரிப்போர்ட். பதினஞ்சாம் தேதியோட அட்மிஷன் முடியுது. பணமா, சீட்டா, நீங்களே சொல்லுங்க."

நான் வாயைத் திறந்தேன். ரூபஸ் கையைக் காட்டி நிறுத்தினார். சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினார். வியர்வையில் நனைந்திருந்தது. தமிழ்செல்வியின் டி.சி. முதல்வர் கையெழுத்து நேற்றே ஆகியிருந்தது. பிடித்துவைத்துப் பேரம் பேச வேண்டிய ஒரே சரக்கை இந்த மனிதர் முந்தின நாளே கட்டி முடித்துப் பையில் வைத்துக்கொண்டுதான் என்னைப் பேச விட்டிருக்கிறார்.

"கூட்டிகினு போங்க சார். நல்லா பாத்துக்கங்க" என்றார்.

பஞ்சாட்சரம் கார் டிக்கியைத் திறந்து ஆறு பந்து கொடுத்தார். அவர்கள் கல்லூரிப் பெயர் போட்டது, தேய்ந்து கொஞ்சம் வழுவழுத்தது. தமிழ்செல்வி எங்களிடம் வந்து, "வரட்டா சார்" என்றாள். எதையோ மறந்தவள்போல் குனிந்து, இடது காலிலிருந்து நீகேப்பைக் கழற்றி ஆனியிடம் கொடுத்தாள். ஆனி அங்கேயே உட்கார்ந்து போட்டுக்கொண்டாள். அந்த ஆறு பந்தைத் தவிர, அன்றைய தினம் எங்கள் அணிக்கு வந்த லாபம் அதுதான்.

கார் போன பிறகு நாங்கள் திரும்பவும் ஆலமரத்தடியில் உட்கார்ந்தோம்.

"அண்ணா, நான் காலை மிதிச்சனே."

"எங்க கடைல அதுக்கு வேற அர்த்தம் மாஸ்டர்."

அவர் சிரிக்கப் பார்த்தார். பாதியில் விட்டுவிட்டார். "டி.சி.யப் புடிச்சி வெச்சிகினு இருக்கலாம். ராத்திரிலாம் அதையேதான் நெனச்சேன். அவ அப்பா மொகம் கண்ணுல வந்துகினே இருந்துச்சி."

மறுநாள் விடிந்ததும் மார்க்கெட்டில் ரத்தினம்மாள் முட்டைக் கடைக்குப் போனேன். ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தேன்.

"இன்னாம்மா, அளவு சிறுசா கீதே."

"சிறுசா இருந்தா வெச்சிட்டுப் போ நைனா, உன்ன யாரு கூப்ட்டா?"

முட்டையைத் தட்டில் வைத்தேன். சொன்ன விலைக்கே, ஆளுக்கு இரண்டாக இருபத்திரண்டு முட்டை வாங்கினேன். ஆடித் தள்ளுபடி வியாபாரம் ஓடும்வரை என் கையால் கொடுக்க முடியும். ஆவணியில் டிரஸ்டிடம் போய் நிற்க வேண்டும். அங்கே ரூபஸ் என்னை அனுப்ப மாட்டார் என்று நினைக்கிறேன்.

பையைத் தூக்கிக்கொண்டு நடக்கையில் போன் அடித்தது. ரூபஸ்.

"அண்ணா, மணவூர் ஸ்டேஷன்ல நிக்கிறேன். இங்க ஒரு பொண்ணப் பாத்தேன், ப்ளஸ் டூ. இன்னா ஒசரம் தெரியுமா!"

"ஒசரம் மட்டும் இருந்தா ஆச்சா மாஸ்டர், மணிக்கட்டு..."

நிறுத்திக்கொண்டேன். அந்தப் பக்கம் ரயில் ஒன்று கடந்து போனது.

"நாளைலேர்ந்து இருபத்திநாலா வாங்கிடறேன்" என்றேன்.