கைக்குழந்தையும் ஐம்பத்து மூன்றாம் வருஷத்துக் காரும்

பழைய போட்டோக்களில் காருக்கு முன்னால் ஆட்கள் நிற்பார்களே, அது எனக்கு ஆகவே ஆகாது. கல்யாணமான புதிதில் எடுத்த படம் என்று ஆசையாக நீட்டுவார்கள். புதுமாப்பிள்ளை சரியாக ஹெட்லைட்டை மறைத்துக்கொண்டு நிற்பார். இதற்காகவே என் கடை மேஜையில் ஓர் அட்டைத் துண்டு வைத்திருக்கிறேன். போட்டோ கைக்கு வந்ததும் முதல் வேலையாக ஆட்களை அட்டையால் மூடிவிடுவேன். முகத்தைப் பார்த்தால் கதை கேட்கத் தோன்றும். கதை கேட்க உட்கார்ந்தால் காரைப் பார்த்த மாதிரிதான்.

பழைய கார்களுக்கு உதிரி பாகம் விற்பது என் தொழில். ஒரு மட்கார்டின் வளைவைக் காட்டினால் போதும், எந்தக் கார், எந்த வருஷம் என்று சொல்லிவிடுவேன். இது வெளியே பரவி, இப்போது உதிரி பாகம் கேட்டு வருகிறவர்களைவிட ஆல்பத்தோடு வருகிறவர்கள் அதிகம். இதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு என்பாள் என் மனைவி. கொஞ்சம் என்று அவள் சொல்வது மரியாதைக்காக.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை என் மாமியாரும் அவருடைய அக்காவும் கடைக்கு வந்தார்கள். சேர்ந்து வந்தார்களே தவிர, ஆளுக்கொரு ஸ்டூலை இழுத்து, ஒருவர் பேட்டரி அலமாரிப் பக்கமும் மற்றவர் டயர் பக்கமுமாக உட்கார்ந்தார்கள். நடுவில் நான், மத்தளம் மாதிரி.

அக்காவான பெரியவர் கைப்பையிலிருந்து கண்ணாடிச் சட்டம் போட்ட ஒரு படத்தை எடுத்து வைத்தார். அவருடைய வலது முழங்கை முழுதாக நீளாது. ஆறு வயதில் மதிலிலிருந்து விழுந்து ஒடித்துக்கொண்டது. படத்தில் ஒரு கார். காரை ஒட்டி அவர்களுடைய அப்பாவும் அம்மாவும். அம்மாவின் கையில் ஒரு வயதுக் குழந்தை.

"மாப்பிள்ளை, இந்தக் குழந்தை நான்தான்னு அறுபது வருஷமா சொல்லிட்டு இருக்கேன். இவ இப்பத்தான் புதுசா கெளப்புறா, அது இவளாம்" என்றார் பெரியவர்.

"நான் புதுசா ஒண்ணும் கெளப்பல. அப்பாகிட்டயே கேட்டிருக்கேன். 'பிள்ளைதானே, எந்தப் பிள்ளையா இருந்தா என்ன'ன்னுட்டாரு" என்றார் என் மாமியார். பிறகு என்னிடம் குரலைத் தணித்துக்கொண்டு சொன்னார்: "அம்மா போனப்ப எனக்கு ரெண்டு வயசுகூட ஆகல மாப்பிள்ளை. அக்காவுக்கு அம்மாவோட குரல் ஞாபகம் இருக்கு, நடை ஞாபகம் இருக்கு. எனக்கு ஒண்ணுமே இல்ல. அவங்க என்னைத் தூக்கி வச்சிருந்தாங்கன்னு ஒரே ஒரு படத்துல தெரிஞ்சா போதும்."

அம்மா இருக்கிற ஒரே படம் அதுதான். அதிலும் அந்த அம்மா கேமராவைப் பார்க்கவில்லை, கொஞ்சம் ஓரமாக எங்கேயோ பார்க்கிறார். போட்டோக்காரர் சொதப்பிவிட்டார் என்று குடும்பமே இன்றுவரை திட்டிக்கொண்டிருக்கிறது.

பெரியவர் பிறந்தது ஐம்பத்திரண்டில், என் மாமியார் ஐம்பத்தேழில். குழந்தைக்கு ஒரு வயது. படம் ஐம்பத்து மூன்றில் எடுத்ததென்றால் அக்கா, ஐம்பத்தெட்டு என்றால் தங்கை. இதைவிட லேசான கணக்கு உண்டா? அட்டையை எடுத்து மூவரையும் மூடினேன்.

எங்கள் தொழிலில் ஆமை முதுகு என்று சொல்கிற கார் அது. முன்கண்ணாடி நடுவில் கம்பி வைத்து இரண்டாகப் பிரிந்திருந்தது. ஐம்பத்து நாலில் ஒற்றைக் கண்ணாடி வந்துவிட்டது. முகப்பில் ஏழு பட்டை. ஐம்பத்திரண்டு வரைக்கும் ஐந்துதான். பூதக்கண்ணாடியைக் கீழே வைத்தேன்.

"ஐம்பத்து மூணு" என்றேன், நீதிபதி மாதிரி.

பெரியவர் ஸ்டூலிலிருந்து துள்ளாத குறை. என் மாமியார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மடித்துக் கூட்டில் வைத்தார். "சரி மாப்பிள்ளை. வண்டி பொய் சொல்லுமா?" என்று மட்டும் சொன்னார். அவர் என்னைத் திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது. படத்தை இன்னொரு தடவை நிதானமாகப் பார்க்கிறேன் என்று வாங்கி வைத்துக்கொண்டேன்.

மதியம் வீட்டில் நடந்ததைச் சொன்னேன். என் மனைவி கரண்டியைக் கீழே வைத்தாள்.

"உங்க ஸ்கூட்டர் எந்த வருஷத்து வண்டி?"

சொன்னேன்.

"அப்ப எனக்கு எட்டு வயசு. போன மாசம் அதுமேல உக்காந்து நான் போட்டோ எடுத்துக்கிட்டேனே, அதப் பாத்தா எனக்கு எட்டு வயசுன்னு சொல்வீங்களா?"

பிசைந்த சோற்றை அப்படியே தட்டில் வைத்தேன். ஐம்பத்து மூன்றில் செய்த கார் ஐம்பத்தெட்டில் ஓடாதா? அறுபத்தெட்டில்கூட ஓடும். பழைய கார் செத்துத் தொலையாமல் ஓடிக்கொண்டே இருப்பதால்தான் என் வீட்டில் அடுப்பே எரிகிறது. உலகத்தில் வேறு எவன் இந்தத் தப்பைச் செய்தாலும் மன்னிக்கலாம்.

"யானைக்கும் அடி சறுக்கும்" என்றேன்.

"யானைக்குத்தானே அந்தப் பழமொழி?" என்றாள். "தாத்தா டாக்டர் வீட்டு டிரைவர். அந்த ஒரே வண்டிய பன்னெண்டு வருஷம் ஓட்டினாரு. கேட்டீங்களா நீங்க? காரைக் கேட்பீங்க, ஆளைக் கேட்க மாட்டீங்க."

மறுநாள் படத்தைச் சட்டத்திலிருந்து பிரித்து ஸ்கேன் செய்து, கம்ப்யூட்டரில் பெரிதாக்கினேன். கார் புதிதாக நிற்கிறதா, ஐந்து வருஷம் ஓடிக் களைத்து நிற்கிறதா என்று பார்க்கவேண்டும். மாற்றிப்போட்ட பாகம் ஒன்று கிடைத்தால் போதும். கதவு, கைப்பிடி, டயர் என்று ஒவ்வொன்றாக வந்தேன். முன்சக்கரத்தின் வீல் கப், நடுவில் இருக்கும் அந்த வட்ட மூடி, கண்ணாடியாக மின்னியது. தாத்தா அதைத் துணி போட்டுத் தேய்த்துத் தேய்த்தே ஓய்ந்திருப்பார் போலிருக்கிறது. அதில் கம்பெனி முத்திரையைத் தேடி இன்னும் பெரிதாக்கினேன்.

முத்திரை தெரியவில்லை. எதிர்ப்பக்கத்துத் தெரு வளைந்து தெரிந்தது. முக்காலி தெரிந்தது, கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக்கொண்டு குனிந்த ஓர் ஆள் தெரிந்தார். அவர் பக்கத்தில், அவர் இடுப்பு உயரத்துக்கு, கவுன் போட்ட ஒரு சிறுமி. அவள் நெஞ்சுக்குக் குறுக்கே வெள்ளையாக ஒரு துணிக்கட்டு, அதற்குள் கை.

நான் நாற்காலியை விட்டு எழுந்தே நின்றுவிட்டேன்.

சாயங்காலம் இருவரையும் வரவழைத்தேன். இந்த முறை ஸ்டூல்களை நானே அருகருகே போட்டேன். "நேத்து சொன்னது தப்பு. வண்டி பொய் சொல்லல அத்தை, நான்தான் சரியா கேட்கல" என்று சொல்லித் திரையைக் காட்டினேன்.

பெரியவர் தன் முழங்கையைத் தானே பிடித்துக்கொண்டார். "ஐயோ, கறுப்புத் துணிக்காரர்! அது ஏதோ கனவுன்னுல்ல நெனச்சிட்டிருந்தேன். கட்டோட நிக்க மாட்டேன்னு அழுதேன். அப்பா, சரி, அங்க போய் நில்லுன்னாரு" என்றார். கொஞ்ச நேரம் கழித்துத்தான் அதன் பொருள் அவருக்கு உறைத்தது. முகம் விழுந்துவிட்டது. "அப்ப கையில இருக்கறது நீதான். அம்மாவோட எனக்குப் படமே இல்ல."

என் மாமியார் அழுதுகொண்டிருந்தார், சிரித்துக்கொண்டும் இருந்தார். குழந்தையின் மேல் வைத்த விரலை எடுக்கவே மனசில்லாமல் எடுத்தார். பிறகு வீல் கப்பில் நிற்கும் சிறுமியைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், மறுபடியும் சிறுமியைப் பார்த்தார்.

"அக்கா, அம்மா எங்க பாக்குறாங்கன்னு பாரு."

கேமராவுக்குச் சற்று ஓரமாக. கட்டுப் போட்ட கையோடு அழுது வடிந்துகொண்டு நின்றவள் இருந்த பக்கம். போட்டோக்காரர் ஒன்றும் சொதப்பவில்லை.

"என்னைத் தூக்கி வச்சிருக்காங்க" என்றார் என் மாமியார். "ஆனா கண்ணு பூரா உன்மேலதான்."

என் கையில் இருந்த அட்டைத் துண்டைக் குப்பைக்கூடையில் போட்டேன். கண்ணில் தூசி விழுந்த மாதிரி இருந்தது. பழைய சாமான் கடை, தூசிக்கா பஞ்சம்?

படம் இப்போது என் மாமியார் வீட்டில் இருக்கிறது. பெரியவர் வீட்டுக் கூடத்தில், பெரிய சட்டத்துக்குள், நான் பெரிதாக்கிக் கொடுத்த அந்த வீல் கப் படம் மட்டும் தொங்குகிறது. வருகிறவர்கள் எல்லாரும் இது என்ன தட்டு என்று கேட்கிறார்கள். "தட்டு இல்ல, கிட்ட வந்து பாருங்க" என்று அவர் ஒவ்வொருவரையும் கையைப் பிடித்து அழைத்துப் போய்க் காட்டுகிறார். "எங்க அம்மா பாத்துட்டே இருந்தது என்னைத்தான்."