புதிய மூன்று மட்டும்

இயர்ஃபோனை மாட்டிக்கொண்டு உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்த என் தங்கை கோலீன், சட்டென்று கத்தியைக் கீழே வைத்தாள்.

“அக்கா, இந்த வாரப் பாட்காஸ்ட்ல நான் எதுக்குப் பேசறேன்?”

“நீ எங்கதான் பேசாம இருந்திருக்க?”

“விளையாடாத. முடிஞ்சப்புறம் மைக்கை அணைக்காம நாம பேசினதெல்லாம் வருது. வெண்டலைப் பத்திச் சொன்னியே, அதுவும்!”

எங்கள் வேஷான் தீவிலிருந்து சியாட்டில் பக்கம் போக, கார்களையும் ஏற்றிச்செல்லும் ஃபெர்ரிக் கப்பலை விட்டால் வேறு வழியில்லை. ஃபெர்ரித் துறையில் காருக்குள் காத்துக்கிடப்பவர்களுக்காகத்தான் என் பாட்காஸ்ட் நிகழ்ச்சி. மூடுபனி, தொலைந்துபோன நாய், யார் வீட்டில் கோழிக்குஞ்சு விற்பனைக்கு இருக்கிறது, இதெல்லாம் வரும். அன்று காலை வெட்டித் திருத்திய பதிவுக்குப் பதிலாக முழுப் பதிவையும் இணையத்தில் ஏற்றிவிட்டேன். அதன் கடைசியில் நான் சொல்கிறேன்: “அந்த மனுஷன் கேட்டா நாளைக்கே கட்டிப்பேன். கேட்டாத்தானே!”

வெண்டல் ட்வைட் ஃபெர்ரியில் வேலை செய்பவர். எந்தக் கார் எந்த வரிசையில் நிற்க வேண்டும் என்று கைகாட்டுவார். மனைவியை இழந்தவர். அதிகம் பேசமாட்டார். ஆனால் மதிய உணவின்போது பாட்டுக் கேட்கும் தன் சின்ன பிளேயரை ஸ்பீக்கரில் பொருத்தி, கூட வேலை செய்பவர்கள் அத்தனை பேரையும் என் நிகழ்ச்சியைக் கேட்க வைப்பார்.

சொன்னதில் எனக்கு வெட்கமில்லை. நாற்பத்தாறு வயதில் மனதில் இருப்பதைச் சொல்ல என்ன தயக்கம்? ஆனால் சாண்ட்விச்சை மென்றுகொண்டு, சுற்றிலும் பத்துப் பேர் சிரிக்க, அவர் அதை அப்படிக் கேட்கக் கூடாது.

உடனே பதிவை நீக்கினேன்.

“அப்பாடா, தொலைஞ்சது” என்றாள் கோலீன்.

“எங்க தொலைஞ்சது? நான் நீக்கினப்புறமும் உன் பிளேயர்ல ஓடுதே. இறங்கினது இறங்கினதுதான்.”

தீவில் பாதிப் பேர் இன்னும் சாயங்காலம் கணினியில் வயரைச் செருகித்தான் இறக்கிக்கொள்கிறார்கள். அவர்களைப் பற்றிக் கவலையில்லை. வெண்டலின் பிளேயர் வயரில்லாதது. ஃபெர்ரி அக்கரையைத் தொட்டதும் துறையிலிருக்கும் காபிக்கடையின் வைஃபையைப் பிடித்து, புதிதாக வந்ததைத் தானே இறக்கிக்கொள்ளும். அப்படி அமைத்துக்கொடுத்த புண்ணியவதி நான்தான்.

அமைத்தது நான் என்பதால்தான் இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. அவர் பிளேயர் முழுக்க ஃபிடில் இசை. இடமில்லை. அதனால் ‘புதிய மூன்று மட்டும்’ என்று வைத்திருந்தேன். புதிதாக ஒன்று வந்தால் மூன்றில் பழையது தானாகப் போய்விடும்.

“கோலீன், மைக்கை எடு. சாப்பாட்டுக்கு முன்னாடி மூணு நிகழ்ச்சி போடணும்.”

“மூணா? பேச என்ன இருக்கு?”

“உனக்கா இல்ல?”

முதலாவதில் மூடுபனி. இரண்டாவதில், ருபார்ப் என்ற புளிப்புத் தண்டை மாவுக்குள் வைத்துச் சுடும் ‘ருபார்ப் பை’ பலகாரத்தின் செய்முறை. கோலீன் நடுவில் தும்மினாள், அப்படியே விட்டுவிட்டோம். மூன்றாவதற்கு மைக்கின் முன் உட்கார்ந்தபோது, எதற்கு இந்தச் சுற்றுவழி என்று தோன்றியது.

“வெண்டல் ட்வைட், உங்ககிட்ட நேர்ல ஒரு விஷயம் சொல்லணும். மத்தியானம் கார் இல்லாம நடந்து ஏறுறேன். முன் தளத்துல இருங்க.” அவ்வளவுதான். ஏற்றிவிட்டேன்.

கோலீன் தலையில் கைவைத்தாள். “பைத்தியமா உனக்கு? மறைக்கத்தானே இவ்வளவு பாடு?”

“மறைக்க இல்லடி. நான் சொல்ற மாதிரி போய்ச் சேரணும்னு.”

சிவப்புக் கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். ஃபெர்ரியில் ஏறும்போதே இயந்திர அறைக்காரர் மேலிருந்து கத்தினார். “டேய், ருபார்ப் மகாராணி வந்தாச்சு!”

ஃபெர்ரி கிளம்பியபோது வெண்டல் முன் தளத்தில், கார் வரிசைகளுக்கு முன்னால், ஆரஞ்சு மேலங்கியில் நின்றிருந்தார்.

“மூணு ஒண்ணா வந்துச்சு” என்றார். “அதுக்கு முன்னாடி வந்தது, கேக்கறதுக்குள்ள காணாமப் போச்சு. அப்புறம் அந்தப் பைக்குச் சர்க்கரை எவ்வளவுன்னே சொல்லல நீங்க.”

“அவசரத்துல விட்டுப்போச்சு. காணாமப் போனதைத்தான் சொல்ல வந்தேன்.” மூச்சை இழுத்துக்கொண்டேன். “எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. நீங்களா கேப்பீங்கன்னு பாத்தேன். கேக்கற வழியைக் காணோம். அதான் நானே கேக்கறேன். என்னைக் கட்டிக்கறீங்களா?”

முதல் காரின் கண்ணாடி மெல்லக் கீழே இறங்கியது. உள்ளே இருந்த அம்மாள் காதை வெளியே நீட்டாத குறைதான்.

வெண்டல் கையுறைகளைக் கழற்றினார். மறுபடி மாட்டினார்.

“உங்க காரை எப்பவும் நடு வரிசையில முதல்ல நிறுத்தறேனே, எதுக்குன்னு நினைச்சீங்க?”

“சீக்கிரம் இறங்கட்டும்னு.”

“முதல்ல இறங்கறது ஓரத்து வரிசை.” அவர் காது சிவந்தது. “நான் நிக்கற எடத்துலேர்ந்து அந்த ஒரு கார்க் கண்ணாடிதான் நேரா தெரியும்.”

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. “இத்தனை நாளா அதை வாயால சொல்றதுக்கு என்ன?”

“அதுக்குத்தான் நீங்க இருக்கீங்களே.”

ஃபெர்ரி சங்கு ஊதியது. அக்கரை நெருங்கிவிட்டது. பின்னால் கார்கள் ஒவ்வொன்றாக உறுமத் தொடங்கின.

“சங்கிலியைக் கழட்டணும்” என்று இரண்டடி போனவர் திரும்பினார். “லோர்னா, இறங்கிடாத. எல்லாரும் போகட்டும். திரும்பிப் போறப்பவும் என்கூட வா. அதுக்கப்புறமும்.”

கார்கள் வரிசை வரிசையாக இறங்கின. நான் கைப்பிடிக் கம்பியைப் பிடித்தபடி, அவர் கைகாட்டும் அழகைப் பார்த்துக்கொண்டு அங்கேயே நின்றேன்.