ஆயிரம் முட்டையும் அரை கேன் டீசலும்

அனல்மின் நிலையத்தில் கொதிகலன் பார்த்து ஓய்வு பெற்றவன் நான். என் காலத்தில் எரித்த நிலக்கரியைக் குவித்து வைத்திருந்தால் நிலாவிலிருந்து நடந்தே இறங்கி வரலாம். இதைக் கேட்டால் என் மச்சான் சிரிப்பான். அவன் கூரைகளில் சோலார் தகடு மாட்டுகிறவன். தன்னைக் கேட்டுத்தான் சூரியன் உதிக்கிறது என்று அவனுக்கு நினைப்பு.

எங்களுக்கு நடுவில் மாட்டிக்கொண்டது என் மகளின் கொட்டகை. கூரையில் மச்சானின் தகடுகள், உள்ளே அவன் பேட்டரி, பின்பக்கம் நான் வைத்த டீசல் இஞ்சின். ஆபீஸ் வேலையை உதறிவிட்டுக் கோழிக்குஞ்சு பொரிக்கும் தொழிலில் இறங்கியிருந்தாள். பொரிப்புப் பெட்டியில் முதல் ஈடு, ஆயிரம் முட்டை. சூடு இறங்கினால் அத்தனையும் கூமுட்டை. இந்த ஈடு போனால் கொட்டகையைப் பூட்டிவிட்டுப் பழைய நாற்காலிக்கே போவதாக அவளே சொல்லியிருந்தாள்.

குஞ்சு வெளிவரும் சமயம் பார்த்து வானம் பொத்துக்கொண்டது. மின்கம்பம் சாய்ந்தது. தகடுகள் மழையில் குளித்தனவே தவிர, பேட்டரிக்கு ஒன்றும் ஏறவில்லை. நான் என் டீசல் இஞ்சினைக் கிளப்பினேன். அது போட்ட சத்தத்தில் மேகங்களே இரண்டடி ஒதுங்கின.

"மச்சான், உன் சூரியன் லீவு லெட்டராவது குடுத்துச்சா?"

"உங்க டீசல் மட்டும் மழையில முளைக்குமா அத்தான்? பாலம் முங்கிடுச்சு. லாரி வராது. கேன்ல பாதிதான் இருக்கு."

மகள் கேனை ஆட்டிப் பார்த்தாள். "அப்பா, ஒரு பெட்டிக்கு இவ்வளவு பெரிய இஞ்சின் ஓடுறது, ஒரே ஆளுக்காக முழு பஸ் ஓடுற மாதிரி இருக்கு. இஞ்சின் ஓடும்போதே பேட்டரியையும் ஏத்திடலாம். அப்புறம் இஞ்சினை அணைச்சிட்டு, பேட்டரி இறங்கினதும் திரும்பக் கிளப்பலாம்."

அணைப்பதா? கொதிகலன் ஒருமுறை ஆறினால் மறுபடி சூடேற்ற ஒரு யுகம் ஆகும். தீயை விடாமல் பார்ப்பதுதான் என் உத்தியோகமே. கல்யாணத்தன்றுகூட நடுவில் ஓடிப்போய் எட்டிப் பார்த்தேன். மச்சானின் அக்கா இன்னும் அதை மன்னிக்கவில்லை.

"ஓடுற இஞ்சினை நிறுத்துனவன் என் பரம்பரையிலேயே இல்லம்மா."

"நீங்க நிறுத்தலைன்னா சாயங்காலம் அதுவே நின்னுடும். அப்புறம் கிளப்ப ஒரு சொட்டு இருக்காது. நீங்களே அணைங்க. மாமா அணைச்சா ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவீங்க."

மச்சான் இஞ்சினுக்கும் பேட்டரிக்கும் ஒயர் இழுத்தான். பேட்டரி நிறைந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டு இஞ்சினை நிறுத்தினேன். அந்த அமைதியில் என் காதே அடைத்துப்போனது. பெட்டிக்குள் விசிறி மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. சூடு காட்டும் முள் அசையவில்லை.

பிறகு ராத்திரி முழுக்க அதுவே வேலையானது. கிளப்பு, நிரப்பு, அணை. மகள் முள்ளைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. கேனைக் கவிழ்த்துத் தட்டிக் கடைசிச் சொட்டையும் ஊற்றினேன். அதுவும் தீர்ந்து, பேட்டரியும் அடிமட்டத்தைத் தொட்டபோது, மறுநாள் காலை, மேகம் லேசாக வெளுத்தது. அதை வெயில் என்று சொன்னால் வெயிலுக்கே கோபம் வரும். ஆனாலும் மச்சான் துடைப்பத்தோடு கூரையேறித் தகடுகளிலிருந்த சேற்றையும் இலைகளையும் வழித்தான். ஏணியை நான் பிடித்துக்கொண்டேன்.

"அத்தான், ஆட்டாதீங்க."

"நான் எங்கடா ஆட்டுறேன்? உன் வெயில் தாங்காம ஏணி நடுங்குது."

கீழே இறங்கப்போன முள், யோசித்துவிட்டு அங்கேயே நின்றது. அன்று பிற்பகலில் முதல் முட்டையின் ஓடு விரிசல் விட்டது.

மகள் கொட்டகையைப் பூட்டவில்லை. அடுத்த ஈட்டுக்கு மாமா இன்னொரு பேட்டரியும் நான் இன்னொரு கேனும் கொண்டுவர வேண்டும் என்று உத்தரவு. அந்த ஆயிரம் முட்டையிலிருந்து ஆயிரத்து இருநூறு குஞ்சு வந்ததாக நான் சொல்லி வருகிறேன். மச்சான் ஆயிரத்து ஐந்நூறு என்கிறான்.